நரையும் எங்கட நரைதான்: வயது போறதைப் பற்றிப் பெண்கள் கேட்ட கேள்விகள்

அரசாங்க ஆஸ்பத்திரி வாட்டுகளில் 36 வருசம் தாதியாய் நிண்டவள் நான். இப்ப வயது 64, இருக்கிறது வெள்ளவத்தையில். வயது போறதைப் பற்றிக் கேளுங்கோ எண்டு சொல்லியிருந்தன். வந்த கேள்விகளில் சிலதுக்கு இங்கை பதில்.

அக்கா, எனக்கு 47. தலை பாதி நரைச்சிட்டுது. டை அடிச்சால் தலை கடிக்குது, காதடி வீங்குது. தையில் மகளின்ர கலியாணம். நரையோட மணவறைக்குப் பக்கத்தில நிண்டால் சனம் என்ன சொல்லும்?

முதல் வேலையாய் டையை நிப்பாட்டுங்கோ தங்கச்சி. கறுப்பு டைகளில் பெரும்பாலும் பிபிடி எண்ட இரசாயனம் இருக்கு. அது ஒருக்கா உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் போனால், அடுத்தடுத்த முறை இன்னும் கடுமையாய் வரலாம். கலியாணத்துக்கு முதல்நாள் டை அடிச்சு, விடியக் கண் இரண்டையும் திறக்க ஏலாமல் வீங்கி வந்த ஒரு தாயை நான் பார்த்திருக்கிறன். மகளுக்குத் தாலி ஏறின நேரம் அவவுக்குக் கட்டிலில் சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. கையில் போட்ட மருதாணி கூட மங்கேல்லை. அந்த முகம் இண்டைக்கும் எனக்கு மறக்கேல்லை.

"கறுப்பு மருதாணி" எண்டு விக்கிறதையும் நம்பாதேங்கோ. மருதாணி இலை செம்மண் நிறம்தான் தரும். கறுப்பாக்கிறதுக்கு அதுக்குள்ளையும் பிபிடி சேர்க்கிறவை.

நானும் 52 வயதில்தான் நிப்பாட்டினன். முதல் ஆறு மாதம் கஷ்டம்தான்: வகிட்டில் வெள்ளை, நுனியில் செம்பட்டை. மயிர் மாதத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவுதான் வளரும். தோளளவாய் வெட்டிவிட்டால் கெதியாய் ஒரு நிறத்துக்கு வந்திடும். கலியாணத்தண்டு கொண்டை போட்டுக் கனகாம்பரம் வையுங்கோ, நரையில அது எவ்வளவு எடுப்பாய் இருக்கும் எண்டு பாருங்கோ. பக்கத்தில நிக்கப்போற மகளின்ர அப்பாவுக்கும் நரைதானே? அவருக்கு மதிப்புத் தாற நரை உங்களுக்கு மட்டும் எப்பிடிக் குறையாகும்?

அன்ரி, கண்ணுக்குக் கீழ சுருக்கத்துக்கும் கருமைக்கும் புறக்கோட்டையில ஒரு கிறீம் வாங்கினன். ஒரு கிழமையில வெள்ளையாய் வந்தது. விட்டவுடன முன்னையிலும் கறுத்துப் போச்சு. வயது 52.

ஒரு கிழமையில வெளுத்தால் அதுக்குள்ள பாதரசமோ ஸ்டீரொயிட்டோ இருக்குமெண்டு சந்தேகப்படுங்கோ. பாதரசம் தோல் நிறத்தை உண்டாக்கிற வேலையையே தடுக்கும், சிறுநீரகத்தையும் பழுதாக்கும். ஸ்டீரொயிட் தோலை மெல்லிசாக்கும். பாதரசத்தைக் கட்டுப்படுத்த நாடுகள் செய்துகொண்ட மினமாட்டா உடன்படிக்கையில இலங்கையும் சேர்ந்திருக்கு. அழகுப் பூச்சில பாதரசம் சேர்க்கவே கூடாது எண்டது அதில இப்ப உள்ள விதி. ஆனால் லேபலே ஒழுங்காய் இல்லாத டப்பாவில ஆர் அளந்து பார்த்தது? டப்பாவையும் கொண்டுபோய்த் தோல் வைத்தியரிட்டைக் காட்டுங்கோ.

49 வயது. இரவில உடம்பெல்லாம் நெருப்பாய்க் கொதிச்சு வேர்க்குது, சின்ன விசயத்துக்கும் கோவம் வருது. மாமி "வயது போக ஆட்டம் கூடுது" எண்டு சொல்லுறா.

பிள்ளை, அது ஆட்டம் இல்லை. மாதவிடாய் நிக்கிற காலத்தில ஈஸ்ட்ரஜன் எண்ட பெண் ஹோர்மோன் குறைய, மூளையில உடம்புச் சூட்டைப் பார்க்கிற பகுதி தடுமாறும், அதாலதான் வேர்க்குது. அனேகமாய் 45க்கும் 55க்கும் இடையில எல்லாருக்கும் நிக்கும். மாமியும் இதைக் கடந்துதான் வந்திருப்பா, அவவுக்கு ஒருத்தரும் விளங்கப்படுத்தியிருக்க மாட்டினம். பருத்தி உடுப்புப் போடுங்கோ, இரவுக் கோப்பியைக் குறையுங்கோ. தாங்க ஏலாட்டில் மருந்து இருக்கு, கேக்க வெக்கப்படாதேங்கோ. உங்கட பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில சுகவனிதையர் கிளினிக் நடக்கும். 1996இல தொடங்கின சேவை, காசில்லை. 35 தாண்டினவைக்குப் பிறசர், சீனி, மார்பகம், கருப்பைக் கழுத்து எல்லாம் பார்ப்பினம்.

எனக்கு 54. வேலை செய்யிற கொம்பனியில 55க்குப் போகச் சொல்லுகினம். முன் மேசையில இளம் பிள்ளை இருந்தால்தான் வடிவாம்.

போகாதேங்கோ! 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டப்படி தனியார் துறையில ஆகக்குறைஞ்ச ஓய்வு வயது 60. பதினைஞ்சு பேர் அல்லது அதுக்கு மேல வேலை செய்யிற இடங்களுக்கு அது பொருந்தும். ஊழியர் சேமலாப நிதியைப் பெண்கள் 50இல எடுக்கலாம் எண்டதைக் காட்டி உங்களைக் குழப்புவினம். அது காசு எடுக்கிற வயது, வேலையை விடுற வயதில்லை. சொன்னதை எழுத்தில கேளுங்கோ, நாரஹேன்பிட்டியில தொழில் திணைக்களத்திட்டைப் போங்கோ. வடிவு பற்றிக் கதைக்கிறவைக்கு ஒண்டு: 1994இல சிறிமாவோ பண்டாரநாயக்க மூண்டாம் தரம் பிரதமராகேக்க அவவுக்கு வயது 78.

மாதவிடாய் நிண்டு ரெண்டு வருசம். போன கிழமை கொஞ்சம் இரத்தம் பட்டது. திரும்ப இளமை வருது எண்டு அக்கா பகிடி பண்ணினா.

நாளைக்கே வைத்தியரிட்டைப் போங்கோ. துளியெண்டாலும் போகவேணும். பெரும்பாலும் பாரதூரமாய் இராது, ஆனால் கருப்பைப் புற்றுநோய்க்கும் இதுதான் முதல் அடையாளம். கெதியாய்ப் பிடிச்சால் மாத்தலாம்.

61 வயது. காலமை கடற்கரைப் பக்கம் நடக்கப்போனால் "இந்த வயதில சப்பாத்துப் போட்டு ஆருக்குக் காட்ட" எண்டு கேக்கினம். வீட்டுக்குள்ளயே நடக்கிறன்.

வெளிய வாங்கோ. மாதவிடாய் நிண்ட பிறகு எலும்பு வேகமாய்த் தேயும். குளியலறையில வழுக்கிக் கையை ஊண்டி மணிக்கட்டு உடைஞ்சு வந்த எத்தனை அம்மாமாரை நான் பார்த்திருக்கிறன். முகத்தில விழுகிற கோட்டால ஒருத்தரும் படுக்கையில விழேல்லை, இடுப்பெலும்பு உடைஞ்சுதான் விழுந்தவை. நடக்கேக்க எலும்பில பாரம் ஏறும், அந்தப் பாரம்தான் அதுக்குப் பலம். தலையோட நெத்தலி, கீரை, பால் சாப்பிடுங்கோ. சப்பாத்து கயிறு கட்டுறதாய், அடி வழுக்காததாய் இருக்கட்டும். மரீன் டிரைவ் பக்கம் காலமை ஆறுமணிக்கு நானும் நடக்கிறன், வெள்ளைத் தலையைக் கண்டால் கூப்பிடுங்கோ.