தெற்கு சூடானில் இருக்கும் மகனுக்குக் கருவாடு அனுப்பலாமா?

கேள்வி: என் மகன் ராணுவத்தில் சிப்பாய். ஐ.நா. அமைதிப்படையில் தெற்கு சூடானுக்குப் போய் மூன்று மாதம் ஆகிறது. பொங்கலுக்கு ஒரு பார்சல் அனுப்ப ஆசை. நெத்திலிக் கருவாடு, கருப்பட்டி, மாங்காய் ஊறுகாய், ராமேஸ்வரம் திருநீறும் தீர்த்தமும், கூடவே ஒரு பவர் பேங்க். வெளிநாட்டு பார்சல் என்றால் ஆயிரக்கணக்கில் ஆகும் என்கிறார்கள். எப்படி அனுப்புவது?
— தேவிபட்டினத்திலிருந்து ஒரு தாய்

பதில்: அம்மா, முதலில் பணத்தைப் பற்றிய பயத்தைப் போக்கிவிடுகிறேன். மகன் கொடுத்த முகவரியை எடுத்துப் பாருங்கள். அதில் '56 ஏ.பி.ஓ.' என்றும், 9-இல் தொடங்கும் ஆறு இலக்கப் பின்கோடும் இருந்தால், அது ராணுவ அஞ்சல் முகவரி. உள்நாட்டுக் கட்டணம்தான். தேவிபட்டினம் தபால் நிலையத்தில் சென்னைக்கு அனுப்புவதைப் போலக் கொடுத்துவிடலாம். அது டெல்லியில் உள்ள ராணுவ மைய அஞ்சலகத்துக்குப் போகும், அங்கே யூனிட் வாரியாகப் பிரித்து மேலே அனுப்புவார்கள். நம் படை கடல் கடந்து போனால் தபாலும் கூடவே போவது பழைய வழக்கம். 1856-இல் பாரசீக வளைகுடாவுக்குப் புறப்பட்ட படையோடு அது தொடங்கியது. பிறகு 1953-இல் கொரியா, அடுத்து காசா, 1960-களில் காங்கோ என்று இந்திய வீரர்கள் போன இடமெல்லாம் நம் தபால்காரர்களும் போயிருக்கிறார்கள். அஞ்சல் துறையில் சேர்ந்து, அங்கிருந்து ராணுவ அஞ்சல் பிரிவுக்குப் போய்ப் பல வருடம் இருந்தவன் நான். அந்த வழியை நம்பலாம் என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்வேன்.

மகன் வேறு மாதிரி முகவரி கொடுத்திருந்தால் அவனிடமே இன்னொரு தரம் கேளுங்கள். பக்கத்து வீட்டுப் பையன் போன வருடம் எழுதிய முகவரியை வைத்து அனுப்பிவிடாதீர்கள். மகனைப் போனில் பிடிக்க முடியவில்லை என்றால், அவனுடைய யூனிட்டில் இங்கேயே இருக்கும் ரியர் பார்ட்டியைக் கேட்கலாம். அதற்கும் வழி தெரியாவிட்டால் ராமநாதபுரத்தில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள், யாரிடம் கேட்பது என்று சொல்வார்கள்.

முகவரியை ஆங்கிலத்திலோ இந்தியிலோ எழுத வேண்டும். டெல்லியில் பிரிப்பவருக்குத் தமிழ் தெரிந்திருக்கும் என்று நம்பி இருக்க முடியாது. ராணுவ எண், ரேங்க், பெயர், யூனிட், 56 ஏ.பி.ஓ., பின்கோடு, அவ்வளவுதான். நாட்டின் பெயரையோ ஊரின் பெயரையோ எழுதக் கூடாது. பிள்ளை எங்கே இருக்கிறான் என்பது உறையைப் பார்க்கிற எல்லோருக்கும் தெரிய வேண்டியதில்லை என்பதற்காகத்தான் அந்த எண்ணே இருக்கிறது. ஊர்ப் பெயரைச் சேர்த்தால் பார்சல் ராணுவ வழியை விட்டு வெளிநாட்டுத் தபாலுக்குத் தவறிப் போகவும் இடமுண்டு. ஒட்டிய பார்சலைப் படம் பிடித்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வைக்கிற பழக்கம் இப்போது வந்திருக்கிறது. தயவுசெய்து வேண்டாம்.

சரி, இனி பெட்டிக்குள் வைப்பதைப் பார்ப்போம்.

கருவாடு வேண்டாம் அம்மா. இதைச் சொல்ல எனக்கே மனசு வரவில்லை, நானும் இந்தக் கரையில் பிறந்தவன்தான். நம் வீட்டு மணலில் வலை விரித்துக் காயப்போட்ட நெத்திலி எவ்வளவு மொறுமொறுப்பாக இருந்தாலும் அதில் உப்பு இருக்கிறது. உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும். உறையில் ஊசித்துளை அளவு ஓட்டை இருந்தால் போதும், இரண்டு வாரத்தில் கசிய ஆரம்பிக்கும், பூஞ்சை பிடிக்கும், புழு வைக்கும். அதைவிடப் பெரிய சிக்கல், மீன், இறைச்சி சம்பந்தப்பட்ட எதையும் நாட்டு எல்லைகளில் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். அதற்காகப் பெட்டியைப் பிரித்தால் மற்ற பொருளும் சேர்ந்து தாமதப்படும். வாசனை இன்னொரு பக்கம். அதே மூட்டையில் வேறு நூறு தாய்மார்களின் பார்சலும் போகிறது.

ஊறுகாய்க்கும் இதே பதில்தான். லடாக்கில் லே பக்கம் ராணுவத்தின் ஒரு ஃபீல்டு போஸ்ட் ஆபீசில் நான் இருந்தபோது, ஒரு குளிர்கால விடியலில் மெயில் பேக்கைக் கவிழ்த்தோம். உள்ளே ஒரு கண்ணாடிப் பாட்டில் உடைந்திருந்தது. நல்லெண்ணெய் ஊறுகாய். முப்பது நாற்பது கடிதங்கள் எண்ணெயில் ஒட்டிக்கொண்டு கட்டியாகக் கிடந்தன. ஒவ்வொன்றாகப் பிரித்துத் துடைத்தோம். அதில் ஒரு நீல நிற இன்லண்ட் லெட்டர். குழந்தையின் கையைத் தாளில் வைத்துச் சுற்றிப் பேனாவால் கோடு வரைந்து அனுப்பியிருந்தார்கள். எண்ணெய் ஊறி மை கலைந்து, ஐந்து விரலில் இரண்டுதான் தெரிந்தது. அந்த ஜவானிடம் அதைக் கொடுக்கும்போது என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அன்றிலிருந்து எண்ணெய், நெய், தேன் என்று எதை யார் அனுப்பக் கேட்டாலும் வேண்டாம் என்றே சொல்லி வருகிறேன். கீழக்கரைத் தொதலும் எண்ணெய் விடும் பண்டம், அதையும் அவன் லீவில் வரும்போது கொடுங்கள்.

தீர்த்தமும் அப்படித்தான். இருபத்திரண்டு தீர்த்தத்தையும் நினைத்துக் கும்பிட்டுவிட்டுத் திருநீறு மட்டும் வையுங்கள். ஆனால் அதில் ஒரு கவனம் வேண்டும். பெயர் எழுதாத வெள்ளைப் பொடியைப் பார்த்தால் எந்தச் சோதனையாளரும் பெட்டியை நிறுத்துவார். சிறு பாக்கெட்டில் போட்டு, 'கோயில் விபூதி' என்று ஆங்கிலத்தில் எழுதி ஒட்டுங்கள். கற்பூரத்தைச் சேர்த்துவிடாதீர்கள். அது எளிதில் தீப்பிடிக்கும் பொருள், விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். தீப்பெட்டி, லைட்டர், சென்ட், ஸ்ப்ரே எல்லாம் அதே கணக்கு. பவர் பேங்கில் லித்தியம் பேட்டரி இருப்பதால் அதுவும் கூடாது. பணத்தாளை மடித்து உள்ளே வைப்பதும் வேண்டாம்.

அப்புறம் எதைத்தான் அனுப்புவது என்று கேட்பீர்கள். பொடி அனுப்புங்கள். அங்கே அவர்களுக்கு ரேஷன் குறைவில்லாமல் வருகிறது, சமைப்பவரும் நம் ஆள்தான். இல்லாதது அம்மாவின் கைப்பக்குவம் மட்டும். அதைத் தூக்கிக்கொண்டு போக நம் குண்டு மிளகாயை மிஞ்சிய பொருள் எனக்குத் தெரியாது. ராமநாதபுரம் குண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. பருப்புப் பொடி, இட்லிப் பொடி, ரசப்பொடி, சுக்கு மல்லிப் பொடி எல்லாம் நன்றாகத் தாங்கும்.

பொடி செய்யும்போதுதான் பலரும் தவறு விடுகிறார்கள். நீங்கள் செய்யப்போவது நம் கரையில் மழை அடிக்கிற ஐப்பசி மாதம். சாமான்களை வெயிலில் காயவைக்க முடியாது. ஆகவே வாணலியில் எண்ணெய் விடாமல், சிறு தீயில், பருப்பு உள்ளே வரை சிவக்கும்படி வறுக்க வேண்டும். ஒரு பருப்பை எடுத்துக் கடித்துப் பாருங்கள். 'டக்' என்று உடைந்தால் சரி, நசுங்கினால் இன்னும் ஈரம் இருக்கிறது. உப்பையும் வெறும் வாணலியில் வறுத்துச் சேர்க்க வேண்டும். இதில் தேங்காயும் பூண்டும் சேர்க்காதீர்கள். அரைத்த சூட்டோடு பாக்கெட்டில் போடவே கூடாது. தாம்பாளத்தில் பரப்பி நன்றாக ஆறவிட்டுப் போடுங்கள். இல்லையென்றால் உள்ளே நீர் கோத்து, அங்கே போய்ச் சேரும்போது கட்டி தட்டியிருக்கும்.

ஒரே பெரிய பாக்கெட்டாக இல்லாமல் நூறு நூறு கிராமாகக் கட்டுங்கள். தடிமனான பிளாஸ்டிக் உறை, அதன் மேல் இன்னொரு உறை. மளிகைக் கடையில் சீல் வைக்கிற இயந்திரம் இருக்கும், கேட்டால் செய்து தருவார்கள். சின்னதாகக் கட்டினால் ஒன்று பிய்ந்தாலும் மற்றவை பிழைக்கும். இன்னொரு காரணமும் உண்டு. எந்தச் சிப்பாயும் வீட்டுப் பார்சலைத் தனியாகத் தின்றதை நான் பார்த்ததில்லை. பெட்டி பிரிந்ததும் பக்கத்துக் கட்டில்காரர்கள் வந்துவிடுவார்கள். பஞ்சாபிப் பையன் நம் பருப்புப் பொடியைச் சப்பாத்திக்குள் வைத்துச் சுருட்டித் தின்பதைப் பார்த்திருக்கிறேன். மகன் கொடுக்கும்படி வையுங்கள்.

கருப்பட்டி மழைக்காலத்தில் வியர்க்கும். அதற்குப் பதில் பனங்கற்கண்டு வைக்கலாம். சாயல்குடிக் கருப்பட்டிதான் வேண்டும் என்று அவனே கேட்டிருந்தால் வட்டை உடைக்காமல், முழுசாக, ஒவ்வொன்றையும் தனி உறையில் சீல் வையுங்கள். பனை ஓலைக் கொட்டானில் வைப்பது பார்க்க அழகு, ஆனால் ஓலைக்குள் பூச்சி இருக்குமோ என்று தடுத்துவிடலாம்.

பெட்டி கெட்டியான அட்டையாக இருக்கட்டும். ஆட்டினால் சத்தம் வரக் கூடாது. இடைவெளியில் பருத்திப் பனியனையும் காலுறையையும் திணித்துவிடுங்கள், அவனுக்கு உதவும். மேலே வெள்ளைத் துணி போட்டுத் தைக்கிற பழைய முறையைக் கேலி செய்பவர்கள் உண்டு, எனக்கு இன்றும் அதில்தான் நம்பிக்கை. நனைந்த அட்டை பிரியும், தைத்த துணி தாங்கும். முகவரியையும் பொருள் பட்டியலையும் ஒரு தாளில் எழுதி உள்ளேயும் வையுங்கள். மேல் முகவரி அழிந்துபோன எத்தனையோ பார்சல்களை அந்த ஒரு தாளை வைத்துத்தான் ஆளிடம் சேர்த்தோம்.

அந்தத் தாளுக்குப் பக்கத்தில் ஒரு கடிதம். தினமும் வீடியோவில் பேசுகிறோமே என்பீர்கள். பேச்சு போன் வைத்ததும் போய்விடுகிறது. கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளலாம். பெரிதாக ஒன்றும் எழுத வேண்டாம். ஆடு குட்டி போட்டது, யார் வீட்டில் கல்யாணம், இந்த மழைக்குக் கண்மாய் எவ்வளவு நிறைந்தது, அது போதும்.

பொங்கலுக்குப் போய்ச் சேர வேண்டுமானால் நவம்பர் பாதிக்குள் தபாலில் போட்டுவிடுங்கள். ஸ்பீடு போஸ்ட் ரசீதை வைத்து இணையத்தில் பார்த்தால் பெரும்பாலும் டெல்லி வரைதான் தெரியும். அதற்குமேல் ஒன்றும் காட்டாது, தொலைந்துவிட்டதென்று பதற வேண்டாம். யூனிட் பொதுவாக ஒரு வருடத்தில் திரும்பும், ஆகவே கடைசி இரண்டு மூன்று மாதத்தில் எதுவும் அனுப்பாதீர்கள். பெட்டி அங்கே போகும்போது பிள்ளை இங்கே வந்திருப்பான். லீவு முடிந்து திரும்பும் யூனிட் ஆள் யாராவது நம் பக்கம் இருந்தால் அவர் கையில் அரைக் கிலோ கொடுத்துவிடுவது எல்லாவற்றையும் விட வேகம். ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று அவர் கண் முன்னால் காட்டிக் கொடுங்கள்.

முதல் பார்சல் ஒரு கிலோவுக்குள் இருக்கட்டும். போட்ட தேதியையும் மகன் கைக்குக் கிடைத்த தேதியையும் காலண்டரில் குறித்து வையுங்கள். இரண்டாவதை எப்போது போடுவது என்று அதைப் பார்த்து முடிவு செய்யலாம். நெத்திலியை அவன் வரும் வரை டப்பாவில் பத்திரமாக வைத்திருங்கள் அம்மா.