வாகன மேடை: வாசகர் கேள்வி பதில் – 40,000 கிலோமீற்றர் மட்டுமே ஓடிய ஜீப்பை நம்பி வாங்கலாமா?

கேள்வி: ஐயா, எங்கள் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் ஓய்வு பெற்ற தோட்டத் துரை ஒருவரின் பங்களாவில், 2010ஆம் ஆண்டு பதிவு செய்யப்பட்ட மிட்சுபிஷி மொன்டெரோ 3.2 டீசல் ஜீப் ஒன்று விற்பனைக்கு நிற்கிறது. ஒரே உரிமையாளர், ஓடியிருப்பது 40,000 கிலோமீற்றர்தான். வர்ணம் மங்கவில்லை, பின்னிருக்கையின் பிளாஸ்டிக் உறைகூட இன்னும் கழற்றப்படவில்லை. எங்களுக்குத் தோட்டத்தின் மேல்பிரிவு வரை மழைக்காலத்திலும் போய்வர வேண்டிய தேவை இருக்கிறது. எனக்குத் தெரிந்த மெக்கானிக் பாஸ், “கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள்” என்கிறார். உங்கள் ஆலோசனை என்ன?
– ஒரு வாசகர், டிக்கோயா

பதில்: நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் நல்ல வாகனமாகத்தான் தெரிகிறது. ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்க வேண்டாம்.

முதலில் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பாருங்கள். 16 ஆண்டுகளில் 40,000 கிலோமீற்றர் என்றால் ஆண்டுக்கு 2,500. வாரத்துக்கு 50 கிலோமீற்றருக்கும் குறைவு. பங்களாவிலிருந்து ஹற்றன் நகரத்துக்கு வங்கிக்கும் சந்தைக்கும் போய்த் திரும்பிய ஓட்டம்தான் அது. நமது குளிரில், இயந்திரம் முழுச் சூட்டுக்கு வருவதற்கு முன்பே பயணம் முடிந்துவிட்டிருக்கும். அப்படி ஓடிய டீசல் இயந்திரத்தில், ஒயிலில் சேரும் ஈரம் ஆவியாகி வெளியேற வழியிருப்பதில்லை, புகையில் ஒரு பகுதியைத் திரும்ப இயந்திரத்துக்குள் அனுப்பும் ஈ.ஜி.ஆர். வால்விலும் காற்றை உள்ளிழுக்கும் குழாயிலும் கரி தடித்துப் படிந்துவிடும். ஆகவே, எத்தனை கிலோமீற்றருக்கு ஒருமுறை ஒயில் மாற்றினீர்கள் என்று அவரிடம் கேட்பதை விட, ஒவ்வோர் ஆண்டும் மாற்றினீர்களா என்று கேட்டு, அதற்கான பற்றுச்சீட்டுகளையும் வாங்கிப் பாருங்கள்.

இந்த 3.2 இயந்திரத்தில், வால்வுகளை உரிய நேரத்தில் திறந்து மூட வைக்கும் டைமிங் பெல்ட் கிடையாது, அந்த வேலையைச் செய்வது செயின்தான். அது உங்களுக்குச் சாதகமான விடயம். இதே மொன்டெரோவின் 3.0 பெற்றோல் இயந்திரமாக இருந்திருந்தால், ஓட்டம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் பெல்ட்டை உடனே மாற்றுங்கள் என்று சொல்லியிருப்பேன். ஏனெனில் இறப்பர், நின்ற இடத்திலேயே வயதாகிவிடும். செயினின் நிலையைக் காது கொடுத்துக் கேட்டுத்தான் அறிய வேண்டும். விடியற்காலையில், முன்கூட்டிச் சொல்லாமல் போய், பொனெட்டின் மேல் கையை வைத்துப் பாருங்கள். குளிர்ந்திருந்தால் மாத்திரம் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். முதல் சில விநாடிகளில் முன்பக்கத்திலிருந்து சங்கிலி குலுங்குவது போன்ற சத்தம் எழுந்து, ஒயில் ஏறியதும் அடங்குமானால், செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்சனரையும், அதை விலகாமல் வழிநடத்தும் கைட்டுகளையும் ஒரு நல்ல கராஜில் காட்டாமல் முற்பணம் கொடுக்க வேண்டாம்.

அடுத்ததாக டயர்களைப் பாருங்கள். பக்கச் சுவரில் டி.ஓ.டி. என்ற எழுத்துகளைத் தொடர்ந்து போகும் வரிசையின் முடிவில் நான்கு இலக்கங்கள் இருக்கும். அது 4509 என்றிருந்தால், 2009ஆம் ஆண்டின் 45ஆவது வாரத்தில் செய்யப்பட்ட டயர் என்று பொருள். அப்படிப்பட்ட டயர்கள் நான்கிலும் பூ (தரையைப் பற்றும் வரிப்பள்ளங்கள்) இன்னும் மீதமிருக்குமானால், 40,000 என்ற கணக்கு உண்மை என்பதற்கு அது நல்ல சாட்சி. ஆனால் அந்த டயரில் ஒரு நாளும் குடும்பத்தை ஏற்றிச் செல்லாதீர்கள். பத்து ஆண்டுகளைக் கடந்த டயரை, பூ எவ்வளவு மீதமிருந்தாலும் கழற்றிவிட வேண்டும். பூவின் அடிப்பள்ளத்தில் நகத்தை வைத்து விரித்துப் பார்த்தால், மயிரிழை போன்ற வெடிப்புகள் உங்கள் கண்ணுக்கே தெரியும். மாற்றும்போது நான்கையும் ஒரே அளவில், ஒரே வகையில், ஒன்றாகவே மாற்றுங்கள். நான்கு சில்லுகளும் ஒரே சுற்றளவில் இல்லாவிட்டால், அந்தச் சுமை, நான்கு சில்லுகளுக்கும் விசையைப் பங்கிடும் போர்வீல் பெட்டியின் மீதுதான் விழும்.

பிரேக் ஒயிலைப் பற்றி எழுதும்போது என்னால் நிதானமாக எழுத முடிவதில்லை. பல ஆண்டுகளுக்கு முன், இதேபோல அழகாகப் பராமரிக்கப்பட்ட, குறைவாக ஓடிய ஜீப் ஒன்றை வாங்கிக்கொண்டு, ஹற்றனிலிருந்து வட்டவளை வழியாகக் கினிகத்தேனைக்கு இறங்கினேன். கரோலினாவைக் கடந்து சில வளைவுகள் சென்றதும் மிதி பஞ்சு போல அமுங்கத் தொடங்கியது. அடுத்த வளைவில் அது தரைவரை போனது. கியரை இரண்டுக்கு இறக்கி, கைப்பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுத்து, மண்திட்டில் சாய்த்துத்தான் நிறுத்த முடிந்தது. எனது மனைவியும் கைக்குழந்தையும் அப்போது வண்டியில் இருந்தார்கள். டிஸ்க்கிலோ லைனரிலோ எந்தக் குறையும் இருக்கவில்லை. பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. உறிஞ்ச உறிஞ்ச அதன் கொதிநிலை இறங்கும். நீண்ட இறக்கத்தில் சூடேறியதும் அது கொதித்து ஆவிக்குமிழிகள் உண்டாகும். அதன் பிறகு மிதியை எவ்வளவு அழுத்தினாலும் குமிழிகள்தான் அமுங்குமே தவிர, அழுத்தம் சில்லுக்குப் போய்ச் சேராது. ஓடினாலும் நின்றாலும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை மாற்றியே ஆக வேண்டும். நீங்கள் இந்த வண்டியை வாங்கினால், பங்களா வாசலிலிருந்து நேராகக் கராஜுக்குக் கொண்டுபோய், பழைய பிரேக் ஒயிலை முற்றாக இறக்கிவிட்டுப் புதியதை ஊற்றிய பின்னரே மலையிறங்குங்கள்.

இனி, நீங்கள் இதை வாங்குவதற்கே காரணமான நான்கு சில்லு இயக்கத்துக்கு வருவோம். நகரத்துக்கு மட்டும் போய்வந்த வண்டியில், போர்வீல் லீவர் ஆண்டுக்கணக்கில் தொடப்படாமல் இருந்திருக்கலாம். மொன்டெரோவில் இருப்பது சுப்பர் செலக்ட் முறை. லீவரை 2எச்சிலிருந்து (பின்சில்லுகள் மட்டும் இயங்குவது) 4எச்சுக்கு (நான்கும் இயங்குவது) தள்ளியதும், மீற்றர் பலகையில் உள்ள சிறிய வாகனப் படத்தில் முன்சில்லுகளின் பச்சை விளக்குகள் மினுங்கிவிட்டு நிலையாக எரிய வேண்டும். சிறிது தூரம் ஓடிய பிறகும் அவை மினுங்கிக்கொண்டே இருந்தால், முன் அச்சு இன்னும் பிணைக்கப்படவில்லை. பெரும்பாலும் அதனை இயக்கும் வெற்றிடக் குழாய் வெடித்திருக்கும், அல்லது அந்த வெற்றிடத்தைத் திறந்து மூடும் மின்வால்வான சொலினொயிட் பழுதாகியிருக்கும். இது பெரிய செலவில்லை என்றாலும், விலை பேசும்போது சொல்ல வேண்டிய குறைதான். பின்னர் வண்டியை முற்றாக நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, 4எல்எல்சிக்கு (முன், பின் அச்சுகள் பூட்டப்பட்ட தாழ் கியர்) மாற்றுங்கள். இந்தப் பரிசோதனையைத் தார் வீதியில் செய்ய வேண்டாம். தேயிலை மலைக்குள் போகும் ஈரமான மண்பாதையில், துரையின் அனுமதியோடு, அவரையும் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு செய்யுங்கள். ஏற்றத்தில் பாதியில் நிறுத்தி மீண்டும் எடுங்கள். இறங்கும்போது பிரேக்கைத் தொடாமல், தாழ் கியரின் பிடியிலேயே வண்டி நிதானமாக இறங்குகிறதா என்று கவனியுங்கள்.

அடிப்பகுதியை ரம்பில் ஏற்றிப் பாருங்கள். இந்தத் தலைமுறை மொன்டெரோவுக்குத் தனியான செசி (அடிச் சட்டகம்) கிடையாது. அது உடலோடு சேர்த்தே ஆக்கப்பட்டது. ஆகையால் பக்கச் சட்டங்களிலும், பின்சில்லு வளைவின் உட்புறத்திலும் துரு துளைத்திருந்தால் அது மேற்பூச்சோடு தீரும் விடயமல்ல. கடற்காற்றின் உப்பு நம் பகுதியில் இல்லை. ஆனால் மாதக்கணக்கில் மூடிய கொட்டகையில் மூடுபனியின் ஈரத்தோடு நின்றதும் ஒன்றுதான்.

இவையெல்லாம் சரியாக இருந்தால், டயருக்கும், ஒயில் வகைகளுக்கும், பற்றரிக்கும் ஆகும் செலவைக் கேட்ட விலையிலிருந்து கழித்துக்கொண்டு, தயங்காமல் வாங்குங்கள். மிட்சுபிஷி இந்த வாகனத்தின் உற்பத்தியை 2021இல் நிறுத்திவிட்டது. ஒரே கையில் இருந்த நல்ல வண்டி இனி அடிக்கடி கண்ணில் படப்போவதில்லை.

கேள்வி: வாகன விற்பனை நிலையம் ஒன்றில், 2008ஆம் ஆண்டு டீசல் பிராடோ ஒன்றைக் காட்டி, 62,000 கிலோமீற்றர்தான் ஓடியது என்கிறார்கள். மீற்றரைக் குறைத்திருப்பார்களோ என்று சந்தேகமாக இருக்கிறது. எப்படிக் கண்டுபிடிப்பது?
– ஒரு வாசகி, தலவாக்கலை

பதில்: மீற்றரைக் குறைப்பவர், கால் மிதிகளின் இறப்பரையும் ஸ்டியரிங் தோலையும் ஓட்டுநர் இருக்கையின் வெளிப்புற ஓரத்தையும் சேர்த்தே புதிதாக்குவது அரிது. 62,000 கிலோமீற்றரில் பிரேக் மிதியின் வரிகள் அழிந்திருக்கக் கூடாது. பதினெட்டு ஆண்டு வாகனத்தில் மிதி இறப்பர் மட்டும் புத்தம் புதிதாக இருந்தாலும் காரணம் கேளுங்கள், சகோதரி. அடுத்து, பொனெட்டைத் திறந்து, இயந்திர மூடியிலும் கதவுத் தூணிலும் கராஜ்காரர்கள் ஒட்டிய சிறு சிட்டைகளைத் தேடுங்கள். அந்த 3.0 டீசல் இயந்திரத்துக்கு டைமிங் பெல்ட் உண்டு. 150,000 கிலோமீற்றரில் அதை மாற்ற வேண்டும். பெல்ட் மாற்றிய சிட்டையில் 62,000க்கு மேற்பட்ட ஓட்டம் எழுதியிருந்தால், அந்தக் கதை அங்கேயே முடிந்துவிடுகிறது. இறப்பரின் வயதைப் பார்த்து முன்கூட்டியே மாற்றியிருக்கவும் கூடும் என்பதால், சிட்டையில் ஓட்டம் எழுதப்படாவிட்டாலோ, உரித்த பசைத் தடம் மட்டும் இருந்தாலோ காரணம் கேளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயலின்போது மகாவலிக் கரையிலும் களனிக் கரையிலும் வெள்ளத்தில் நின்ற வாகனங்கள் பல. முன்னிருக்கைப் பட்டியை அதன் கடைசி வரை இழுத்து, உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். வண்டியைக் கழுவுபவர்கள் அதுவரை இழுத்துக் கழுவுவதில்லை. இருக்கைத் தண்டவாளத்தின் திருகாணிகளில் துருவும், தரைவிரிப்பின் அடியில் மெல்லிய வண்டலும் தெரிந்தால், எவ்வளவு குறைத்துத் தந்தாலும் வாங்காதீர்கள். மின்கம்பிகளுக்குள் புகுந்த ஈரம் எப்போது வேலையைக் காட்டும் என்று எந்த மெக்கானிக்காலும் உறுதி சொல்ல முடியாது.

கேள்வி: விற்பனைக்கு வந்த ஒரு ஜிம்னியை ஓட்டிப் பார்த்தேன். வளைவுகளில் யாரோ பின்னால் பிடித்து இழுப்பது போல இருக்கிறது. கியர் பெட்டி பழுதா?
– ஒரு வாசகர், மஸ்கெலியா

பதில்: காய்ந்த தார் வீதியில் 4எச்சில் ஓட்டியிருப்பீர்கள். ஜிம்னியில் முன் அச்சும் பின் அச்சும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடங்கொடுக்கும் நடு டிபரன்ஷியல் கிடையாது. வளைவில் முன்சில்லுகள் பின்சில்லுகளை விட அதிக தூரம் உருள வேண்டும். பிடிப்புள்ள தரையில் அதற்கு இடமில்லாததால் இரண்டும் ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்கின்றன. 2எச்சில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அப்போது இழுவை நின்றுவிட்டால் பெட்டியில் பழுதில்லை. ஆனால் விற்பவர் இத்தனை நாளும் அப்படியே ஓட்டினாரா என்பதை அவசியம் கேட்டறியுங்கள்.

கேள்வி: எனது தந்தையார் 1997ஆம் ஆண்டு பஜிரோ 2.8 டீசல் ஜீப்பைப் பிள்ளையைப் போலப் பராமரித்து வந்தார். 88,000 கிலோமீற்றர் ஓடியிருக்கிறது. வயதின் காரணமாக நான்கு ஆண்டுகளாக ஓட்டுவதில்லை, கொட்டகையில்தான் நிற்கிறது. நல்ல விலைக்கும் நல்ல கைக்கும் கொடுக்க என்ன செய்ய வேண்டும்?
– ஒரு வாசகி, பண்டாரவளை

பதில்: “நல்ல கைக்கும்” என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது மனம் நெகிழ்ந்தது, சகோதரி. முதலாவது வேண்டுகோள்: பக்கத்து வண்டியிலிருந்து கம்பி மாட்டி, அவசரப்பட்டு ஸ்டார்ட் செய்துவிடாதீர்கள். நான்கு ஆண்டுகள் நின்ற தாங்கியின் அடியில் தண்ணீர் தங்கியிருக்கும். அது டீசல் பம்புக்குள் போனால், அந்தப் பம்பைச் செப்பனிடும் செலவு உங்கள் விற்பனை விலையிலேயே விழும். தாங்கியை வடித்து, டீசல் பில்டரை மாற்றி, இயந்திர ஒயிலையும் குளிரூட்டும் நீரையும் பிரேக் ஒயிலையும் புதிதாக ஊற்றிய பின்னரே சாவியைத் திருப்ப வேண்டும். அதற்கு முன் கம்பிகளை எலி கடித்திருக்கிறதா என்பதையும் ஒருவர் டோர்ச் அடித்துப் பார்க்கட்டும்.

அடிப்பகுதிக்குப் புதிதாகக் கறுப்புப் பூச்சு அடிக்க வேண்டாம். உங்கள் பஜிரோவுக்குத் தனிச் செசி உண்டு. வாங்க வருபவர் முதலில் குனிந்து பார்ப்பது அதைத்தான். நேற்று அடித்த பூச்சைக் கண்டால், உள்ளே எதையோ மறைத்திருக்கிறார்கள் என்றே நினைப்பார். இயல்பான மேல் துருவோடு, கழுவிச் சுத்தமாக இருப்பதே உங்களுக்கு நல்லது.

விலையைப் பொறுத்தவரை, 2020 மார்ச்சில் இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்படும் வரையிலான காலத்தில் பழைய ஜீப்புகளுக்குக் கேட்கப்பட்ட தொகைகளை மனதில் வைத்திருக்காதீர்கள். உங்கள் வண்டியை அதே ஆண்டு, அதே இயந்திரம், அதே கியர் வகை கொண்டவற்றோடு மட்டும் ஒப்பிடுங்கள். ஏ.சி. வேலை செய்யவில்லை என்றால் அதை விளம்பரத்திலேயே எழுதிவிடுங்கள். தொலைவிலிருந்து பண்டாரவளை வரை ஏறி வந்த பிறகு அந்தக் குறையைக் கண்டுபிடிப்பவர், அதன் பின் நீங்கள் சொல்லும் எதையும் நம்ப மாட்டார்.

பதிவுப் புத்தகத்தில் ‘எப்சலூட் ஓனர்’ (முழு உரிமையாளர்) என்ற இடத்தில் பழைய லீசிங் நிறுவனத்தின் பெயர் இன்னும் நிற்கிறதா என்று இப்போதே பாருங்கள். கடன் தீர்ந்தும் பெயரை நீக்காமல் விட்ட குடும்பங்கள் பல. வருமான அனுமதிப்பத்திரத்துக்கான நிலுவையைப் பிரதேச செயலகத்தில் கட்டி முடித்துவிடுங்கள். புத்தகத்தில் உள்ள செசி இலக்கத்தையும் இயந்திர இலக்கத்தையும் வண்டியில் பொறித்திருப்பவற்றோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். வாங்குபவர் தன் பெயருக்கு உடனே மாற்றாமல், திறந்த பத்திரத்தில் கையெழுத்து மட்டும் கேட்டால் கொடுக்க வேண்டாம். அந்த ஜீப் நாளை எங்கேனும் விபத்தில் சிக்கினால், தேடி வரும் கடிதம் உங்கள் தந்தையாரின் பெயருக்குத்தான் வரும்.

இன்னொன்று: உங்கள் தந்தையார் ஒயில் மாற்றிய நாட்களைக் கொப்பியிலோ, நாட்காட்டித் தாளிலோ எழுதி வைத்திருப்பார். அந்தத் தலைமுறை ஓட்டுநர்கள் பெரும்பாலும் அப்படித்தான். அதைத் தேடி எடுங்கள். வாங்க வருபவரோடு அவரும் முன்னிருக்கையில் அமர்ந்து, போர்வீல் லீவரை எந்த ஏற்றத்தில், எப்போது போடுவது என்று ஒருமுறை சொல்லிக்கொடுக்கட்டும். அதைக் காது கொடுத்துக் கேட்பவருக்குச் சில ஆயிரங்கள் குறைத்தாலும் பரவாயில்லை. சாவியை அவரிடமே கொடுங்கள்.