பத்து நிமிடத்தில் முடிந்துபோன ஊர்

அன்புள்ள அண்ணா,

ரொறன்ரோவுக்கு வடக்கே ஏரிகளும் காடுமாகக் கிடக்கும் முஸ்கோகாப் பக்கம் போவதைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததை வாசித்துவிட்டு, ஊரிலிருந்து வந்து நிற்கும் அம்மா அப்பாவையும் ஏற்றிக்கொண்டு ஒக்ரோபரில் வரும் தாங்ஸ்கிவிங் சனிக்கிழமை அங்கே டோர்செற் என்கிற சின்ன ஊருக்குப் போனோம். மூன்று மணித்தியால ஓட்டம் நாலரை ஆகியது. குன்றில் நிற்கும் பார்வைக் கோபுரத்தடியில் கார் வரிசை. ஊருக்குள் இறங்கினால் ஒரு பாலம், ஒரு கடை, பத்து நிமிடத்தில் ஊர் முடிந்துவிட்டது. தண்ணீரில் காலையாவது நனைப்போம் என்று ஒரு சின்ன ரோட்டில் இறங்கினோம். ஒருவர் வெளியே வந்து இது தனியார் பாதை, திருப்புங்கள் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார், ஆனாலும் அப்பாவின் முகம் சுருங்கிவிட்டது. திரும்பி வரும்போது அம்மா, "வன்னியிலை இல்லாத காடும் குளமுமோ இங்கை கிடக்கு?" என்று கேட்டா. எனக்குப் பதில் வரவில்லை. உண்மையில் அங்கே பார்க்க என்னதான் இருக்கிறது?

ச., ஸ்காபரோ

அன்புள்ள ச.,

பார்க்க என்று கேட்டால் பெரிதாக ஒன்றும் இல்லை. அம்மா சொன்னது சரி. நயாகராவில் செய்வதுபோல இறங்கி, படம் எடுத்து, ஏறி வரலாம் என்று போனால் டோர்செற் பத்து நிமிட ஊர்தான். அரை நாள் ஓரிடத்தில் இருந்துவிட்டு வருவதற்குத்தான் அங்கே போகவேண்டும். நீங்களோ காரிலும் வரிசையிலும் இருந்துவிட்டு வந்திருக்கிறீர்கள்.

நாளும் சரியில்லை. அந்தச் சனிக்கிழமைதான் ரொறன்ரோவில் பாதிப் பேருக்கு இலை நிறம் மாறுவது ஞாபகத்துக்கு வரும். அதைவிட, அந்தப் பக்கம் நம் இடத்தைவிட வடக்கு, உயரமும் கூட, குளிர் முந்திவிடும். சீனி மேப்பிள்கள் சிவப்பது வழமையாக செப்ரெம்பர் கடைசியை ஒட்டித்தான். தாங்ஸ்கிவிங் வரும்போது சிவப்பில் பெரும்பகுதி கொட்டிப்போய், அஸ்பென் மரங்களின் மஞ்சள்தான் மிஞ்சி நிற்கும். அதுவும் வடிவுதான், ஆனால் நீங்கள் படங்களில் பார்த்துவிட்டுப் போனது அதுவல்ல.

கோபுரத்தைப் பற்றி ஒன்று. அது சுற்றுலாக்காரருக்காகக் கட்டத் தொடங்கியது இல்லை. 1922இல் அந்தக் குன்றில் காட்டுத்தீயைக் கண்காணிக்க ஒரு கோபுரம் எழுப்பினார்கள். ஒரு ஆள் மேலே இருந்து, எந்தத் திசையிலாவது புகை எழும்புகிறதா என்று நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருப்பார். பிறகு அந்த வேலை விமானங்களுக்குப் போய்விட்டது. இப்போது ஏறுகிற 30 மீற்றர் கோபுரம் 1967இல் வந்தது. அங்கே ஏன் அவ்வளவு தூரம் தெரிகிறது என்பதற்குக் காரணம் அதுதான், தெரியவேண்டும் என்றே தேர்ந்த இடம். முழங்கால் நோ இருந்தால் அப்பாவை ஏற்றாதீர்கள், படிகளுக்கு இடையால் கீழே நிலம் தெரியும், எனக்கே வயிறு கலங்கும்.

சரி, அந்தத் தனியார் பாதைக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அதுதான். வன்னியில் குளக்கட்டில் யாரும் போய் இருக்கலாம், குளிக்கலாம், மாட்டைக் கழுவலாம். இங்கே ஏரித் தண்ணீர் பொதுச்சொத்து, ஆனால் தண்ணீருக்குப் போகும் கரை பெரும்பாலும் யாரோ ஒருவருடைய காணி உறுதிக்குள் கிடக்கிறது. அது எப்படி வந்தது என்பது ஒரு கதை. அந்த நிலம் முதலில் அனிஷினாபே என்கிற பழங்குடி மக்களுடையது. டோர்செற் நிற்கும் லேக் ஒஃப் பேஸ் ஏரியின் நடுவே பிக்வின் என்று ஒரு தீவு இருக்கிறது. அவர்களில் ரமா பழங்குடியினரின் தலைவர் ஜோன் பிக்வினின் பெயர்தான் அது, 1920இல் அந்தத் தீவில் பணக்காரருக்கான பெரிய விடுதி ஒன்று திறந்தார்கள். 1923இல் கையெழுத்தான, நிலத்தை அரசுக்குக் கையளிக்கும் வில்லியம்ஸ் ஒப்பந்தங்களை வைத்து அந்த மக்களின் வேட்டை, மீன்பிடி உரிமைகளையே அரசு மறுத்தது. அது தீர்ந்து மன்னிப்புக் கேட்டது 2018இல்.

இதற்கு முன்னமே, 1868இல், ஒன்ராறியோ அரசு இலவசக் காணிச் சட்டம் ஒன்று போட்டு, காட்டை வெட்டி வீடு கட்டிப் பயிர் செய்தால் 100 ஏக்கர் சும்மா தருவதாகக் குடியேறிகளைக் கூப்பிட்டது. வந்தவர்கள் மரத்தை வெட்டி மண்வெட்டியைப் போட்டால் கல். 100 கோடி ஆண்டுக்கு மேற்பட்ட பாறை, மேலிருந்த மண்ணையும் பனிப்பாறைகள் வழித்துக்கொண்டு போய்விட்டன. பயிர் சரிவரவில்லை. கொஞ்சப் பேர் விட்டுவிட்டு மேற்கே போனார்கள், கொஞ்சப் பேர் மீன் பிடிக்க வந்த நகரத்துக்காரருக்கு அறை கொடுத்துப் பிழைத்தார்கள். ஏரிக்கரையில் கோடை வீடு வைத்திருக்கும் கொட்டேஜ் என்கிற முழு வாழ்க்கையும் அந்தத் தோற்றுப்போன விவசாயத்திலிருந்து வந்ததுதான். நல்ல மண் இருந்திருந்தால் நீங்கள் அங்கே சோளத்தோட்டம் பார்த்திருப்பீர்கள்.

பழைய நில அளவையில் ஏரிக்கரையைச் சுற்றி 66 அடி அகலத்தில் ஒரு பொது ஒதுக்கு விட்டிருந்தார்கள். வழிக்கென்று விட்டது. பல இடங்களில் ஊராட்சிகளே அதைப் பின்காணிக்காரருக்கு விற்றுவிட்டன, இன்னும் விற்கின்றன. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஆனாலும் உங்களைத் திருப்பிவிட்ட மனிதரில் நான் பிழை காணமாட்டேன். அப்படியான ஒழுங்கைகளுக்குக் கிறவல் போடுவதும் பனி தள்ளுவதும் பல இடங்களில் அங்கே இருப்பவர்களின் சொந்தக் காசில்தான், அந்த வார இறுதியில் அவர் எத்தனை காரைத் திருப்பி அனுப்பினாரோ. அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள், ஆளைப் பார்த்துச் சொன்னதாக அவர் நினைத்திருக்கக்கூடும்.

அடுத்தமுறை ஒழுங்கைகளில் இறங்கவேண்டாம். ஊருக்குள்ளேயே பொதுப் படகுத்துறை இருக்கிறது. கிழமை நாளில், செவ்வாய் புதனில், போங்கள். கதிரைகளைக் கொண்டுபோய், சோற்றுப்பார்சலை அங்கேயே பிரித்து, ஆறுதலாக இருங்கள். ஏரி ஒடுங்குகிற இடத்தில்தான் அந்தக் கூனல் பாலம், படகுகள் அதற்குக் கீழால் வேகத்தைக் குறைத்து நழுவும், அலை வந்து துறைக் கட்டைகளில் தட்டும். கோடையென்றால் லூன் பறவை வரும், ஒரு டொலர் நாணயத்தில் 1987 முதல் இருக்கிற அதே பறவை. நீருக்குள் மூழ்கினால் எங்கே எழும்பும் என்று சொல்லமுடியாது. அம்மாவும் அப்பாவும் பந்தயம் கட்டலாம்.

அப்புறம் கடை. 1921இல் தொடங்கிய றொபின்சன் கடைக்குள் கோப்பியை வாங்கிக்கொண்டு ஓடி வந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். மரக்கறிக்குப் பக்கத்தில் ஆணி, ஆணிக்குப் பக்கத்தில் சப்பாத்து, நம் ஊர்ச் சந்திக் கடை மாதிரி எல்லாம் ஒரே கூரைக்குள். அம்மாவை அங்கே அரை மணித்தியாலம் விட்டிருந்தால் கேள்வியே மாறியிருக்கும். இப்படியான கடைகளின் வாசலில் தொங்கும் துண்டுகளையும் வாசித்துப் பாருங்கள்: விறகு விற்பனைக்கு, மலக்குழி இறைத்துத் தரப்படும், படகுத்துறை கழற்றி ஏற்றப்படும், கூரைப் பனி தள்ளப்படும். அங்கே பெரும்பாலான வீடுகள் கோடை வீடுகள், வருடம் முழுக்க நிற்கும் கொஞ்சச் சனம் இந்த வேலைகளில்தான் மாரியைக் கடத்துகிறது.

கோழி எலும்பையும் மிச்சச் சோற்றையும் அங்கே போடாமல் காரிலேயே திருப்பிக் கொண்டுவாருங்கள், கரடி வரும். பெற்றோர் அடுத்த கோடைவரை நின்றால் மே நடுவிலிருந்து யூன் நடுவரை கூட்டிப்போகாதீர்கள், கறுப்பு ஈ காதுக்குப் பின்னால் கடித்து இரத்தம் வரவைக்கும், அதோடு நுளம்பும் சேரும். ஓகஸ்ட் கடைசி நல்லது. கைபேசிக்குச் சில இடங்களில் சிக்னல் விட்டுப்போகும், வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்துவிட்டு நெடுஞ்சாலை 35ஆல் போங்கள்.