கியர்பாக்ஸும் விலையும்: டெக்னிக் கார் மாடல்கள் குறித்த கேள்வி பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட் நகரிலும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் லெகோ டெக்னிக் கார் மாடல்களைக் கட்டுவோர் அனுப்பிய கேள்விகளுக்கு, செம்பனை எண்ணெய் ஆலையில் ஃபிட்டராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற நம் மூத்த உறுப்பினர் எழுதிய பதில்கள் இவை.

லிந்தாங்கிலிருந்து ஓர் இளைஞர்: அண்ணா, புகாட்டி ஷிரோன் மாடலில் எட்டு கியர் இருப்பதாகப் பெட்டியில் எழுதியிருக்கிறார்கள். மாடலுக்கு மோட்டாரே கிடையாது. அப்படியிருக்க, அந்த கியர்பாக்ஸ் எதை இயக்குகிறது?

உண்மையான காரில் விசை எஞ்சினிலிருந்து கியர்பாக்ஸ் வழியாகச் சக்கரத்துக்குப் போகிறது. இந்த மாடல்களில் அது தலைகீழாக நடக்கிறது, தம்பி. நீங்கள் காரைத் தரையில் தள்ளும்போது பின்சக்கரங்கள் சுழன்று, அந்தச் சுழற்சி டிஃபரென்ஷியலை (இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம்தரும் பற்சக்கரத் தொகுதியை) கடந்து கியர்பாக்ஸுக்குள் நுழைந்து, கடைசியில் பிஸ்டன்களை ஏற்றி இறக்குகிறது. ஆகவே கியரை மாற்றினால் காரின் வேகம் மாறாது, பிஸ்டன்களின் வேகம்தான் மாறும். முதல் கியரில் சக்கரம் ஒரு முறை சுற்றுவதற்குள் பிஸ்டன்கள் பல முறை ஏறி இறங்கும்; கடைசி கியரில் அவை மெதுவாக அசையும். எட்டு கியர் என்பது எட்டுத் தனி வழிகள் என்று பொருள்படாது. நான்கு விகிதங்களைத் தரும் ஒரு பகுதியையும், உயர் நிலை, தாழ் நிலை என இரண்டைத் தரும் மற்றொரு பகுதியையும் அடுத்தடுத்து வைத்தால், நான்கை இரண்டால் பெருக்கி எட்டு கிடைத்துவிடும். 2019-இல் வந்த லேண்ட் ரோவர் டிஃபெண்டர் மாடலில் இந்த அமைப்பைத் தெளிவாகக் காணலாம். அதில் நான்கு கியருக்கு ஒரு நெம்புகோலும் உயர், தாழ் நிலைக்கு வேறொரு நெம்புகோலும் தனித்தனியாக இருப்பதால், கற்றுக்கொள்ள நினைப்பவருக்கு ஷிரோனைவிட அதுவே நல்ல ஆசிரியர் என்பது என் கருத்து.

ஈப்போவில் பயிலும் மாணவர்: கியர் மாறும் இடத்தில் உள்ளே என்ன நடக்கிறது? பற்சக்கரங்கள் விலகிச் சென்று சேர்கின்றனவா?

பழைய மாடல்களில் அப்படித்தான் இருந்தது. பற்சக்கரத்தையே அச்சோடு தள்ளி மற்றொன்றில் கோர்க்க வேண்டும். 1994-இல் வந்த 8880 எண் சூப்பர் கார் அதை மாற்றியது. அதில் கிளட்ச் பற்சக்கரங்கள் அச்சின்மேல் கட்டில்லாமல் சுழன்றுகொண்டிருக்கும்; அவற்றுக்கு நடுவே அச்சோடு சேர்ந்து சுழலும் ஒரு வளையம் இருக்கும். வளையம் இடப்பக்கம் நகர்ந்தால் அந்தப் பக்கத்துப் பற்சக்கரம் அச்சோடு பிணைகிறது. வலப்பக்கம் நகர்ந்தால் மற்றது பிணைகிறது. நடுவில் நின்றால் நியூட்ரல். பற்கள் எப்போதும் கோர்த்தபடியே இருப்பதால் கியர் மாற்றும்போது அவை உரசித் தேய்வதில்லை. நாம் ஓட்டும் மேனுவல் காரின் கியர்பாக்ஸும் இதே கொள்கையில்தான் இயங்குகிறது. ஒரு பொம்மைக்குள் இவ்வளவு நேர்மையான இயந்திரவியலை வைத்ததற்காகவே அந்த 1994 மாடலை நான் இன்றும் மிக உயர்வாக மதிக்கிறேன்.

கோலகங்சாரிலிருந்து ஒரு தாயார்: என் மகனுக்குப் பதினொரு வயது. கியர்பாக்ஸ் உள்ள கார் வேண்டும் என்கிறான். பெரிய செட் வாங்க இப்போது வசதியில்லை, ஐயா. சின்ன செட்டில் கிடைக்குமா?

சிறிய கார் செட்டுகளில் பிஸ்டனும் ஸ்டீயரிங்கும் இருக்கும், கியர்பாக்ஸ் அரிது. 830 துண்டுகள் கொண்ட மெக்லாரன் சென்னா ஜிடிஆர் மாடலில்கூட அது இல்லை. ஆகையால் செட்டைத் தேடாமல் உதிரித் துண்டுகளை வாங்கிக் கொடுங்கள், அம்மா. ஓர் அச்சில் 16 பல் கிளட்ச் பற்சக்கரம் ஒன்று, 20 பல் கிளட்ச் பற்சக்கரம் ஒன்று, இரண்டுக்கும் நடுவே ஒரு வளையம். அடுத்த அச்சில் 16 பல்லும் 12 பல்லும் கொண்ட சாதாரணப் பற்சக்கரங்கள். இவ்வளவு போதும், இரண்டு கியர் கொண்ட பெட்டி உருவாகிவிடும். வளையமும் கிளட்ச் பற்சக்கரங்களும் ஒரே தலைமுறையைச் சேர்ந்தவையாக இருக்கட்டும், பழையதையும் புதியதையும் கலக்க வேண்டாம்.

உங்கள் மகனுக்கு ஒரு கணக்கையும் சொல்லிக் கொடுங்கள். இந்தத் துண்டுகளில் துளைக்குத் துளை தூரம் 8 மில்லிமீட்டர். கோர்க்கும் இரு பற்சக்கரங்களின் பற்களைக் கூட்டி 16-ஆல் வகுத்தால், அச்சுகள் எத்தனை துளை தள்ளி இருக்க வேண்டும் என்பது கிடைக்கும். 16-உம் 16-உம் கூடினால் 32. 12-உம் 20-உம் கூடினாலும் 32. 8-உம் 24-உம் கூடினாலும் 32. மூன்று ஜோடிகளுக்கும் இரண்டு துளைத் தூரமே பொருந்துவதால், ஒரே சட்டத்தில் வெவ்வேறு விகிதங்களை வைக்க முடிகிறது. இதை ஒரு பிள்ளை தன் கையால் கட்டிப் புரிந்துகொண்டால், பிறகு பெரிய செட்டின் விளக்கப் புத்தகம் அவனுக்குப் புதிராக இருக்காது.

நகர்ப்புறத்திலிருந்து ஒருவர்: கட்டி முடித்த பிறகு என் மாடல் நகர மறுக்கிறது, தள்ளினால் டக் டக் என்ற சத்தம் வருகிறது. எங்கே பிழை?

எந்த கியரில் சத்தம் வருகிறது என்பதை முதலில் பாருங்கள். காரைத் தூக்கிப் பிடித்து, இரண்டு பின்சக்கரங்களையும் சேர்த்துச் சுழற்றுங்கள். ஒன்றை மட்டும் சுழற்றினால் டிஃபரென்ஷியல் மற்றொன்றை எதிர்த்திசையில் திருப்பிவிடும், சோதனை பயன்படாது. முதல் கியர் எப்போதும் சற்றுக் கடினமாகவே இருக்கும். அதில்தான் பிஸ்டன்கள் அதிக வேகத்துக்கு உந்தப்படுகின்றன. மற்ற கியர்களில் ஏதாவது ஒன்று மட்டும் இறுகினால், அந்த கியருக்குரிய வழியில் குறை உள்ளது. எல்லா கியரும் இறுகினால், கியர்பாக்ஸைக் குறை சொல்லாமல் டிஃபரென்ஷியலையும் எஞ்சினையும் பாருங்கள்.

பெரும்பாலான இறுக்கத்துக்குக் காரணம், அச்சு நழுவாமல் பிடிக்க அதில் மாட்டும் சிறு புஷ் துண்டுகளைச் சட்டத்தோடு ஒட்ட அழுத்திவிடுவதே. ஒரு தாள் நுழையும் இடைவெளி விட்டுப் பின்னுக்கு இழுத்தால் அச்சு விடுதலையாகிவிடும். இதைச் செய்ய வேண்டிய நேரம், கியர்பாக்ஸ் இன்னும் திறந்த நிலையில் உங்கள் மேசைமேல் இருக்கும்போதுதான். உடற்பகுதியை மூடிய பிறகு உள்ளே கை நுழையாது. ஆலையில் கியர்பெட்டியின் மூடியைப் பூட்டுமுன் கையால் சுழற்றிப் பார்க்காத ஃபிட்டர் கிடையாது. இங்கும் அதே ஒழுங்கைக் கடைப்பிடியுங்கள்.

2016-இல் வந்த போர்ஷே 911 ஜிடி3 ஆர்எஸ் வைத்திருப்போர் இன்னொன்றையும் சோதிக்க வேண்டும். புத்தகத்தில் உள்ளபடி கட்டினால் கியர்கள் 1, 3, 2, 4 என்ற வரிசையில் வருவதை ஆர்வலர்கள் கண்டறிந்து, சில பற்சக்கரங்களை இடம் மாற்றிச் சரிசெய்தார்கள். ஒவ்வொரு கியரிலும் சக்கரத்தை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, பிஸ்டன் எத்தனை முறை ஏறுகிறது என்று எண்ணுங்கள். அந்த எண்ணிக்கை படிப்படியாகக் குறைந்துகொண்டே வர வேண்டும்.

அதே அன்பர்: கொஞ்சம் எண்ணெய் விட்டால் சரியாகாதா?

வேண்டாம். செங்கல் துண்டுகள் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கால் ஆனவை. சில எண்ணெய்கள் பட்டால் அதில் விரிசல் விழும். நம் பகுதியின் செம்மண் தூசியும் எண்ணெயில் ஒட்டிக்கொண்டு பசையாகிவிடும்.

தோட்ட அலுவலகத்தில் பணிபுரிபவர்: அண்ணா, துண்டு ஒன்றுக்கு எவ்வளவு என்று கணக்கிட்டு வாங்குவது சரியான முறையா?

அந்தக் கணக்கு உதவும், ஆனால் அதை மட்டும் நம்பினால் ஏமாறுவோம். அமெரிக்க வெளியீட்டு விலைகளை எடுத்துக்கொள்வோம். 2016 போர்ஷே 2,704 துண்டுகள், 299.99 டாலர், துண்டுக்கு ஏறத்தாழ 11.1 சென்ட். 2018 ஷிரோன் 3,599 துண்டுகள், 349.99 டாலர், துண்டுக்கு 9.7 சென்ட். 2024 மெக்லாரன் பி1 3,893 துண்டுகள், 449.99 டாலர், துண்டுக்கு 11.6 சென்ட். துண்டுக்கு ஷிரோனைவிட அதிக விலை கொண்ட போர்ஷேயில் இருப்பது நான்கு கியர், ஷிரோனில் எட்டு. பி1-இல் ஏழு. ஆக, துண்டின் விலைக்கும் உள்ளே இயங்கும் இயந்திரத்துக்கும் நேரடித் தொடர்பில்லை. மேலும், டெக்னிக் செட்டுகளில் துண்டுகளை இணைக்கும் சிறு பின்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன; ஒரு பின்னும் ஒரு டிஃபரென்ஷியலும் இந்தக் கணக்கில் சமமாகிவிடுகின்றன.

வாங்குமுன் மூன்றைக் கேளுங்கள் என்பேன்: எத்தனை கியர், கட்டிய பின்னும் கியர்பாக்ஸைக் காண முடியுமா, சஸ்பென்ஷன் நான்கு சக்கரத்திலும் உண்டா. கார் நிறுவனத்தின் பெயருக்காகக் கூடுதலாகக் கொடுப்பது அவரவர் விருப்பம். நான் அதற்குக் கொடுக்க மாட்டேன்.

இணையத்தில் வாங்கும் ஒருவர்: வெளிநாட்டிலிருந்து உதிரித் துண்டுகள் வாங்கும்போது கடைசியில் விலை கூடிவிடுகிறதே?

அஞ்சல் செலவு ஒரு பக்கம். மற்றொரு பக்கம், 2024 ஜனவரி 1 முதல், வெளிநாட்டிலிருந்து இணையவழி விற்கப்படும் 500 ரிங்கிட்டுக்கு மேற்படாத பொருள்களுக்கு நம் நாட்டில் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. ஒரு விலையைப் பார்த்து முடிவெடுக்குமுன் இரண்டையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். நண்பர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து ஒரே கட்டாக வாங்கினால் அஞ்சல் செலவாவது பகிர்ந்துபோகும்.

அதே துறையில் இன்னொரு கேள்வி, ஒரு கல்லூரி மாணவியிடமிருந்து: சீன நிறுவனங்களின் கார்கள் பாதி விலைக்குக் கிடைக்கின்றன. அவற்றை வாங்குவது தவறா, ஐயா?

இரண்டு வகையைப் பிரித்துப் பாருங்கள், அம்மா. செங்கல் இணையும் முறைக்கு 1958-இல் விண்ணப்பிக்கப்பட்ட காப்புரிமை காலாவதியாகி வெகுகாலம் ஆயிற்று. ஆகவே பொருந்தும் துண்டுகளைச் செய்து, சொந்த வடிவமைப்போடு விற்பது முறையான தொழில். கேடா போன்ற நிறுவனங்கள் ஆர்வலர்களிடமிருந்து வடிவமைப்பை வாங்கி வெளியிடுகின்றன. மற்றவருடைய செட்டையும் பெட்டியையும் அப்படியே நகலெடுப்பது வேறு. லெகோ செட்டுகளை நகலெடுத்து விற்ற லெபின் மீதான வழக்கில் 2020-இல் ஷாங்காய் நீதிமன்றம் முதன்மைக் குற்றவாளிக்கு 6 ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. முதல் வகையைத் தயங்காமல் வாங்குங்கள். இரண்டாவதை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள்.

பழைய செட் தேடுபவர்: உற்பத்தி நின்றுபோன மாடலை இரண்டாம் கையாக வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

விற்பவரிடம் படம் கேட்காதீர்கள், காணொளி கேளுங்கள். முதல் கியரிலிருந்து கடைசி கியர்வரை மாற்றி, ஒவ்வொன்றிலும் பிஸ்டன் அசைவதைக் காட்டச் சொல்லுங்கள். பிரித்து விற்கும் செட்டாக இருந்தால், வளையங்களையும் கிளட்ச் பற்சக்கரங்களையும் தனியே அடுக்கிப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பலகைத் துண்டு ஒன்று குறைந்தால் எளிதில் வாங்கிவிடலாம். இவை குறைந்தால் கியர்பாக்ஸ் இயங்காது. அனுப்ப மறுப்பவரிடம் விலையைப் பேசவே தொடங்க வேண்டாம்.