ரோட்டொருவாவில் காட்டுவது நிஜமான மாவோரி வாழ்க்கைதானா?

நியூசிலாந்து போகிறோம், ஆனால் ரோட்டொருவா நகரில் அந்நாட்டின் பூர்வகுடிகளான மாவோரிகளின் வாழ்க்கை என்று நடப்பதெல்லாம் சுற்றுலாப் பயணிகளுக்கான மேடை நிகழ்ச்சிதானே என்று கேட்டிருக்கிறீர்கள். கிளம்பும் முன் எனக்கும் இதே சந்தேகம் இருந்தது. அங்குள்ள ஃபகரேவரேவா என்ற மாவோரி கிராமத்தில் அரைநாள் இருந்த பிறகு அது போய்விட்டது.

அது கண்காட்சிக்காகக் கட்டிய இடம் இல்லை. குடும்பங்கள் குடியிருக்கும் ஊர். வீடுகளுக்கு நடுவே நிலத்திலிருந்து ஆவி கிளம்புகிறது, கந்தக வாடை துணியில் ஒட்டிக்கொள்கிறது. மக்காச்சோளக் கதிர்களைக் கொதிக்கும் குளத்தில் இறக்கி வேகவைக்கிறார்கள். ஊரைச் சுற்றிக்காட்டுவது அவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாக வரும் வேலை. இவர்களுடைய முன்னோர் தாராவேரா மலையடிவாரத்தில் இருந்த இளஞ்சிவப்பு, வெள்ளைப் படிக்கட்டுப் பாறைகளைப் பார்க்க வந்தவர்களுக்கு வழிகாட்டிகளாக இருந்தவர்கள். 1886 ஜூன் 10 அன்று அந்த எரிமலை வெடித்ததில் அவர்களுடைய ஊர்கள் புதைந்தன. பிழைத்தவர்களில் பலர் இங்கே வந்து குடியேறி, அதே வேலையைத் தொடர்ந்தார்கள். அதனால் விருந்தாளியை நடத்திக்கொண்டு போய் ஊர்க்கதை சொல்வதே அங்கே ஒரு மரபு. அதைப் போலி என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

மராயே என்னும் பொது வளாகத்தில் முறைப்படி வரவேற்கிறார்கள் என்றால் தவறவிடாதீர்கள். வாசலிலேயே நிற்க வேண்டும். உள்ளிருந்து ஒரு பெண் நீட்டிக் குரல் கொடுத்து அழைப்பார். அதன் பிறகுதான் மெதுவாக நடக்கலாம். அந்தக் குரல் இறந்துபோனவர்களையும் சேர்த்துத்தான் அழைக்கிறது. அர்த்தம் புரியாமலே எனக்குத் தொண்டை அடைத்தது. பேச்சும் பாட்டும் முடிந்ததும் நெற்றியும் மூக்கும் தொடும்படி ஒருவருக்கொருவர் வணங்குவார்கள். மூச்சைப் பகிர்ந்துகொள்வதாக அதற்குப் பொருள்.

கூட்டம் நடக்கும் மரவீடு அவர்களுக்கு மூதாதையின் உடல். முகட்டு உத்தரம் முதுகெலும்பு, சாய்மரங்கள் விலா எலும்புகள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும்; நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. உள்ளே எதையும் சாப்பிடக் கூடாது. சாப்பாடு வைக்கும் மேசைமேல் உட்காரவும் கூடாது, அதைப் பெரிய அவமரியாதையாக நினைப்பார்கள். படம் எடுக்கும் முன் கேட்டுவிடுங்கள்.

அப்புறம், சைவம் என்றால் முன்பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். ஹாங்கி சமையலில் சூடான கற்களைக் குழியில் போட்டு, இறைச்சியையும் சர்க்கரைவள்ளிக்கிழங்கையும் சேர்த்தே வைத்து மண் மூடி வேகவைப்பார்கள்.

காடு பார்க்க வேண்டும் என்றால் வடக்கே வைப்போவா காட்டுக்குப் போங்கள். அங்கே ‘தானே மஹூத்தா’ என்று பெயர் கொண்ட மரம் ஓங்கி நிற்கிறது; அது கௌரி (kauri) என்ற வகை. ‘தானே’ என்பது காட்டின் தெய்வத்தின் பெயர். தாயான பூமியோடு ஒட்டிக்கிடந்த தந்தை வானத்தைக் காலால் உந்திப் பிரித்தவர் அவர் என்பது மாவோரிகளின் கதை. அந்த அடிமரத்தைப் பார்த்தபோது எனக்கு அது கதையாகவே தோன்றவில்லை. கௌரி மரங்களைக் கொல்லும் ஒரு நோய் மண் வழியாகப் பரவுகிறது. காட்டு நுழைவாயிலில் தேய்க்கும் பிரஷும் கிருமிநாசினியும் வைத்திருப்பார்கள். போகும்போதும் வரும்போதும் காலணியின் அடிப்பகுதியை நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள், பாதையை விட்டு இறங்காதீர்கள்.