பக்கத்து வீட்டு ஆச்சிக்கு அக்கி: மகளை அனுப்பலாமா?

கேள்வி: செங்கோட்டையில் வசிக்கிறோம். 8 வயதான என் மகள், பள்ளி விட்டதும் பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் ஆச்சியிடம் போய்ப் பல்லாங்குழி ஆடுவாள். ஊர் திருவிதாங்கூரோடு இருந்த காலத்துக் கதைகளைக் கேட்பாள். நேற்று ஆச்சியின் முதுகில் அக்கிக் கொப்புளங்கள் வந்துள்ளன. மகளுக்குச் சின்னம்மை வந்ததில்லை. அதற்கான தடுப்பூசியும் போடவில்லை. போகக் கூடாது என்றதும் அழுகிறாள். ஆச்சிக்குக் காவி பூசி அக்கி எழுதினால் போதுமா?

பதில்: சில நாட்கள் நிறுத்தி வைப்பது சரியே. சிறுவயதில் வந்த சின்னம்மையின் வைரஸ் நரம்பு வேர்களில் பல ஆண்டுகள் அடங்கிக் கிடந்து, முதுமையில் எதிர்ப்புச் சக்தி குறையும்போது அக்கியாக வெளிப்படுகிறது. ஆச்சியிடமிருந்து உங்கள் மகளுக்கு அக்கி தொற்றாது. ஆனால் கொப்புள நீர் பட்டால் சின்னம்மை வரக்கூடும். எல்லாக் கொப்புளங்களும் காய்ந்து பொருக்குத் தட்டிய பின் தொற்றாது. இதற்குப் பெரும்பாலும் 7 முதல் 10 நாட்கள் ஆகும். அதுவரை புண்ணைத் துணியால் மூடிவைக்க வேண்டும். சின்னம்மை வராத கர்ப்பிணிகளும் விலகியிருக்க வேண்டும்.

நேற்று மகள் கொப்புளங்களைத் தொட்டிருந்தால், குழந்தை மருத்துவரிடம் உடனே கேளுங்கள்; 3 நாட்களுக்குள், அதிகபட்சம் 5 நாட்களுக்குள் தடுப்பூசி போட்டால் நோயைத் தடுக்கவோ அதன் வேகத்தைக் குறைக்கவோ முடியும். தொட்ட நாளிலிருந்து 10 முதல் 21 நாட்களுக்குள் காய்ச்சலோ கொப்புளமோ வந்தால் ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது.

எனக்கு அதிகக் கவலை ஆச்சியைப் பற்றித்தான். அக்கி எழுதுவதில் பெரியவர்களுக்கு இருக்கும் நம்பிக்கையை நான் குறைத்துப் பேசவில்லை. ஆயினும் உடைந்த கொப்புளத்தின் மேல் காவி பூசினால் புண் சீழ்ப்பிடிக்கலாம், அதைவிட முக்கியமாக மருந்துக்கான நேரம் கடந்துவிடும். கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் அசைக்ளோவிர் போன்ற மாத்திரையைத் தொடங்கினால் பலன் அதிகம். சிறுநீரகத்தின் நிலையைப் பார்த்தே அளவைத் தீர்மானிக்க வேண்டும் என்பதால், தனியாக இருக்கும் அவரை இன்றே நீங்கள் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். நெற்றியிலோ மூக்கு நுனியிலோ கொப்புளம் வந்தால் அன்றே கண் மருத்துவரும் பார்க்க வேண்டும்.

காரணம் சொல்லாமல் மகளைத் தடுத்தால், தன்னை ஒதுக்கிவிட்டார்கள் என்று ஆச்சி நினைத்துக்கொள்வார். இருவரிடமும் காரணத்தைச் சொல்லி, மகள் வாசலில் நின்றபடியே கதை கேட்கட்டும். புண் ஆறிய பின்னும் ஆச்சிக்கு எரிச்சலோ குத்தலோ மாதக்கணக்கில் நீடித்தால், அது நரம்பு வலி. அதற்கெனத் தனி மருந்துகள் இருப்பதால் வயதின் வலி என்று விட்டுவிடாமல் மீண்டும் மருத்துவரிடம் காட்டுங்கள்.