அமெரிக்கக் கிராமப்புறக் கவுண்டிகளில் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவுகளில்) வீட்டு முகவரிகளை ஏன் மாற்றினார்கள்?

"ரூரல் ரூட் 2, பாக்ஸ் 114" என்பது போன்ற பழைய முகவரி தபால்காரருக்காக உண்டானது. அவர் செல்லும் பாதையின் எண்ணும், அதில் உங்கள் தபால் பெட்டியின் எண்ணும் மட்டுமே அதில் உண்டு. பல இடங்களில் பெட்டி சாலை முனையில் நிற்கும். வீடு உள்ளே தள்ளி, மரங்களுக்கு நடுவே இருக்கும். ஆம்புலன்ஸ் ஓட்டுநர் அதை வைத்து என்ன செய்வார்?

அவசர உதவிக்கான 911 எண் 1968இல் அலபாமாவின் ஹேலிவில் ஊரில் முதன்முதலில் இயங்கியது. அது கிராமங்களுக்குப் பரவியபோது இந்தச் சிக்கல் பெரிதானது. நெஞ்சுவலிக்காரரின் வீட்டைத் தேடி அலையும் ஒவ்வொரு நிமிடமும் உயிர் சம்பந்தப்பட்டது. அதனால் கவுண்டிகள் பெயரில்லாத சாலைகளுக்குப் பெயர் வைத்து, பலகை நட்டு, வீடுகளுக்குப் புது எண் கொடுத்தன.

எண் தருவதில்தான் சூட்சுமமே இருக்கிறது. நெடுஞ்சாலையின் கிலோமீட்டர் கல்லைப் போல, எண்ணே தூரத்தைச் சொல்லிவிடும். பல கவுண்டிகளில் ஒரு மைலுக்கு 1,000 எண்கள், அதாவது 5.28 அடிக்கு ஒன்று. 2500 என்றால் சாலை தொடங்கும் இடத்திலிருந்து இரண்டரை மைல். ஒற்றைப்படை ஒரு பக்கம், இரட்டைப்படை மறுபக்கம். அப்புறம் நடுவில் யாராவது புது வீடு கட்டினாலும் எண் தயாராக இருக்கும். எனக்குத் தெரிந்து இதைவிட எளிய ஏற்பாடு இல்லை.

முகவரி மாறினால் நில உரிமையும் மாறிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். பத்திரத்தில் நிலத்தை அடையாளம் காட்டுவது அளவை விவரம்தான், வீட்டு எண் அல்ல.